மரவெட்டிகளின் கடைசி ஆறு நிமிடம்

ஆறு நிமிடம் பதினெட்டு நொடி. ஒரு பழைய ஊமைப் படத்தின் முடிவுக் காட்சி அவ்வளவு நீளம். அதை வெட்டி எடுத்தவன் நான். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேலையில் நடந்த பல விஷயங்களை நினைத்தால் இப்போது கோபம் வருவதில்லை. இதற்கு மட்டும் வருகிறது, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு கூடித்தான் வருகிறது.

தோகாவில் என்னோடு வேலை பார்த்து, இன்னும் அங்கேயே இருக்கும் இரண்டு பேர் போன மாதம் போனில் பேசினார்கள். "சார், இப்பல்லாம் மிஷினே படத்தப் பாத்து மிஷினே வெட்டிருது. ஸ்லிப்பும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நீங்கல்லாம் எதுக்கு சார் அவ்வளவு எழுதிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதுகிறேன்.

திருச்சியில் பாலிடெக்னிக், சென்னையில் நான்கு ஆண்டுகள் கல்யாண வீடியோ, பிறகு தொலைக்காட்சித் தொடர்கள். முப்பத்தாறாவது வயதில் தோகா. எங்கள் கம்பெனி சிறியது. கட்டுமான ஒப்பந்தக்காரர்களின் தொழிலாளர் கேம்ப்புகளில் வெள்ளிக்கிழமை மதியம் படம் காட்டுவதுதான் தொழில். டேப், புரொஜெக்டர், திரை எல்லாம் எங்களுடையவை. கேம்ப்பில் காட்டக் கூடாதது எது என்று பார்த்து வெட்டும் எடிட்டர் நான் ஒருவன்தான்.

வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. படத்தை முதலில் ஒலி இல்லாமல் முழுக்கப் பார்ப்பேன். ஒலி இருந்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் தவறவிடும். இரண்டாம் முறை ஒலியோடு பார்த்து, முத்தம், மது பாட்டில், சூதாட்டம் என்று வரும் இடங்களின் நேரத்தைக் குறிப்பேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஸ்லிப். தொடங்கும் நேரம், முடியும் நேரம், காரணம், வெட்டியவர் கையெழுத்து, அனுமதித்தவர் கையெழுத்து. வெள்ளைப் பிரதி அலுவலகத்துக்கு, மஞ்சள் கேம்ப்புக்கு, இளஞ்சிவப்பு எனக்கு. வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறிவதும் கிடையாது. எல்லாவற்றையும் வரிசையாக ஒரு தனி டேப்பில் பதிந்து வைப்பேன். அதற்கு 'வெட்டு டேப்' என்று பெயர். நாளைக்கு ஒரு கேம்ப்காரர் வந்து, அதிகமாக வெட்டிவிட்டாய் என்றோ குறைவாக வெட்டினாய் என்றோ சொன்னால், எடுத்துப் போட்டுக் காட்டலாம். காகிதமும் டேப்பும் கையில் இருந்தால் நம்மை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் நம்பியிருந்த காலம் அது.

என் மேலாளர் வில்பிரட் சார் தூத்துக்குடிக்காரர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. 'நீ செய்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். எல்லாமே 'நாம'தான். "தம்பி, நாம இந்தப் பாட்ட எடுத்துரலாமே." "நாம இன்னைக்கு கொஞ்சம் லேட்டா போவோமே." எடுப்பவன் நான், லேட்டாகப் போகிறவனும் நான். அவர் பால் விடாத சுலைமானி டீயைக் குடித்துவிட்டு நான்கரை மணிக்குக் காரில் ஏறிவிடுவார். கையெழுத்துப் போடுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைக்கிற நேரம் நீண்டால், கையெழுத்து வராது என்று அர்த்தம். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஊமைப் படம் போடலாம் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனை என்பதை மறுக்கமாட்டேன். கேம்ப்பில் தமிழர், நேபாளி, வங்காளி, பிலிப்பைன்காரர் எல்லாரும் இருந்தார்கள். தமிழ்ப் படம் போட்டால் பாதிப் பேர் எழுந்து போவார்கள், இந்திப் படம் போட்டால் மீதிப் பேர். பேச்சே இல்லாத படத்துக்கு அந்தச் சண்டை இல்லை. நடுநடுவே வரும் ஆங்கில எழுத்துகளை மட்டும் யாராவது ஒருவர் எழுந்து நின்று இந்தியில் சத்தமாகச் சொல்வார். அதுவே பாதி வேடிக்கையாகிவிடும்.

அப்படி வந்ததுதான் அமெரிக்கக் காட்டு மரவெட்டிகளின் சாகசப் படம். எங்கள் பிரதியில் தலைப்பு வரும் பகுதியே இல்லாததால் டேப்பின் முதுகில் 'மரவெட்டிகள்' என்று எழுதி வைத்தேன். கதை எளிது. குளிர்காலம் முழுக்க மரம் வெட்டுகிறார்கள். பனி உருகியதும் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு வளைவில் கட்டைகள் சிக்கி, மலை போல அடைத்துக்கொள்கின்றன. முதலாளி, குறித்த நாளுக்குள் கட்டைகள் போய்ச் சேர வேண்டும் என்கிறார். ஆட்கள் அந்தக் குவியல்மேல் ஏறிக் கொக்கிக் கழியால் நெம்புகிறார்கள். குவியல் சரிகிறது. தாடிக்காரன் ஒருவன் தண்ணீருக்குள் போய்விடுகிறான்.

அந்த இடத்தில் தொடங்குகிறது கடைசி ஆறு நிமிடம் பதினெட்டு நொடி. முதலாளி மறுபடியும் குவியலைக் காட்டி, ஏறச் சொல்கிறார். ஆட்கள் கரையில் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. ஒவ்வொருவராகக் கொக்கிக் கழியை மண்ணில் படுக்க வைக்கிறார்கள். பதினோரு கழிகள். கதாநாயகன் முன்னால் வந்து தன் கழியை முதலாளியிடம் நீட்டுகிறான். திரையில் எழுத்து வருகிறது: 'முதலில் நீங்கள் ஏறுங்கள்.' முதலாளி அந்தக் கழியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்டையில் கால் வைக்கிறார். நான்காவது கட்டையில் வழுக்குகிறது. கரையில் நின்ற அத்தனை பேரும் ஓடிவந்து கழிகளை எடுத்து நீட்டி அவரை இழுத்துப் போடுகிறார்கள். நனைந்துபோய் மண்ணில் உட்கார்ந்த முதலாளி, வேலையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். படம் முடிகிறது.

எங்கள் விதிகளின்படி இதில் வெட்ட ஒன்றுமில்லை. முத்தம் இல்லை, பாட்டில் இல்லை. வெட்டாமல் அனுப்பினேன். ராஸ் லஃபான் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரருக்கு ஐந்து கேம்ப்புகள் இருந்தன. முதலில் இரண்டாம் கேம்ப்பில் ஓடியது. முடிவு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது என்று புரொஜெக்டர் போட்ட டிரைவர் வந்து சொன்னார்.

மறுநாள் காலை வில்பிரட் சார் என் அறைக்கு வந்தார். வழக்கமாக என்னைத்தான் அழைப்பார்.

"தம்பி, அந்தக் கட்டைப் படம். கடைசில அவங்க வேலைய நிறுத்துறாங்களாமே?"

"ஆமா சார். ஒருத்தன் செத்துப் போறான், அதனால நிறுத்துறாங்க."

"அது சரிதான். ஆனா கேம்ப் நிர்வாகத்துக்கு அது புடிக்கல. நாம அத எடுத்துட்டு, சந்தோசமா ஒரு முடிவு வெச்சிருவோமே."

"காரணம்னு என்ன சார் எழுத?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். "இதுக்கு ஸ்லிப் வேண்டாம் தம்பி. நாம சும்மா எடுத்துருவோம்."

அந்தக் கம்பெனியில் ஸ்லிப் இல்லாமல் நான் செய்த ஒரே வெட்டு என்று எழுத ஆசைதான். ஆனால் என் சுபாவம் விடவில்லை. அவர் போனதும் ஸ்லிப் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'மேலாளர் வாய்மொழி உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு நிமிடம் பதினெட்டு நொடியை வெட்டு டேப்பில் பதிந்தேன். சந்தோசமான முடிவுக்கு, படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை எடுத்து ஒட்டினேன். மரவெட்டிகள் நீளமான மேசையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிடும் காட்சி அது.

எவ்வளவு மட்டமான வேலை என்பது ஐந்தாம் கேம்ப்பில் படம் ஓடியபோதுதான் தெரிந்தது. அன்று டிரைவருக்கு லீவு என்பதால் புரொஜெக்டர் போட நானே போயிருந்தேன். தாடிக்காரன் தண்ணீருக்குள் போனான். அடுத்த நொடி எல்லாரும் சாப்பிடுகிறார்கள். மேசையில் இடமிருந்து மூன்றாவதாக அதே தாடிக்காரன் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. படத்தை இரண்டு முறை பார்த்துக் குறிப்பெழுதுகிற நான், அவசரத்தில் செத்தவனைச் சாப்பிட உட்கார்த்திவிட்டேன்.

"செத்தவனுக்கும் பசிக்குமாடா?" என்று ஒரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு.

"மெஸ்ஸுல இன்னைக்கு சிக்கனாம். அதான் நீந்தி வந்துட்டான்." இது பாலு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். அந்தக் கேம்ப்பில் வாய் என்றால் அவன்தான்.

அப்போது ஒருவன் எழுந்து நின்றான். முப்பது வயது இருக்கும், ஒல்லி. பெயர் செல்வராஜ், அரியலூர்க்காரன் என்று பிறகு தெரிந்தது. இரண்டு வாரம் முன்புதான் இரண்டாம் கேம்ப்பிலிருந்து மாற்றலாகி வந்திருந்தான்.

"இது முடிவே இல்லடா. நான் அங்க பாத்தேன். எல்லாரும் கழிய கீழ வெச்சிருவானுவ. 'மொதல்ல நீங்க ஏறுங்க'ன்னதும் ஓனரே கட்டையில ஏறுவான்."

"ஓனர் ஏறுவானா?" என்றான் பாலு. "ஏன்டா, நம்ம சைட்டுல போர்மேன் ஏணியிலயே ஏறமாட்டாரு. உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு, போய்ப் படு."

"எங்க ஆத்தா மேல சத்தியமா பாத்தேன்டா."

"கனவுல பாத்துருப்ப."

சிரிப்பு அடங்கியதும் செல்வராஜ் நேரே என்னிடம் வந்தான். "அண்ணே, நீங்கதான படம் போடுறவரு. முடிவு எங்கண்ணே?"

நான் வயரைச் சுருட்டிக்கொண்டே, "எங்களுக்கு வந்தது இதுதான் தம்பி," என்றேன். அவன் வயரையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து கேம்ப்பில் அவன் பெயர் 'ஓனர்' ஆகிவிட்டது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பாலுவே பிறகு போனில் சொன்னான். எங்கள் சாமான் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அழைத்திருந்தான்.

அவர்கள் வேலை செய்தது எரிவாயுக் குழாய்களை அடுக்கி வைக்கும் முற்றத்தில். பெரிய இரும்புக் குழாய்கள், கூம்பு போல ஒன்றன்மேல் ஒன்றாக. உருளாமல் இருக்க அடியில் மரக்கட்டை ஆப்பு வைப்பார்கள். முந்தைய வாரம் ஓர் ஆப்பு நழுவி ஒரு நேபாளியின் பாதம் நசுங்கியிருந்தது. ஆப்புகளை மாற்றாமலேயே, மேலே ஏறி, குழாயைத் தூக்கும் கிரேன் வாரை மாட்டும்படி போர்மேன் சொன்னார். கிரேன் காத்துக்கொண்டிருந்தது. அங்கே வேலையில் இருந்த எட்டுப் பேரும் தயங்கி நின்றார்கள்.

"அப்பதான்ணே இந்த செல்வராஜ் பய, கையில இருந்த வார நீட்டி, 'சார், மொதல்ல நீங்க ஏறுங்க'ன்னுட்டான். எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துருச்சு. நான் வேற 'ஏ, படத்து டயலாக்கு'ன்னு கத்திட்டேன். போர்மேனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஏறவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல. ஆப்ப மாத்தின பொறவுதான் நாங்க ஏறுனோம். இருபது நிமிசம் கிரேன் சும்மா நின்னுச்சு."

"இதுல தப்பு என்ன?" என்றேன்.

"ஆள சேத்துக்கிட்டு வேலைய நிறுத்தினான்னு எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே. இவன், 'நான் படத்துல வந்தத தான் சொன்னேன்'ங்கறான். கேம்ப் பாஸு கணேசன், 'படத்த கேம்ப்பே பாத்துச்சு, அப்படி ஒண்ணும் வரல, நீயா கட்டின கதை'ங்கறாரு. நாளைக்குக் காலைல விசாரணை. எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பேசிக்கிறாங்க. ரெண்டு தங்கச்சிண்ணே அவனுக்கு. நான்தான் ஊரக் கூட்டி அவன பொய்யன்னு சொன்னவன். இப்ப சோறு எறங்கல."

எனக்கு அப்போது வந்த கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வு என் அலமாரியில் இருக்கிறது என்று நினைத்தேன். வெட்டு டேப் இருக்கிறது, இளஞ்சிவப்பு ஸ்லிப் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை என்று காட்டிவிட்டால் முடிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வில்பிரட் சாரிடம் சொன்னேன்.

"அது அவங்க வீட்டுப் பிரச்சினை தம்பி. நாம எதுக்கு நடுவுல?"

"நாமதான சார் வெட்டினோம்."

முதல் முறையாக அந்த 'நாம' அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "ஸ்லிப்புல என் கையெழுத்து இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப பாத்துப் போயிட்டு வாங்க," என்றார். அன்றைக்கு மட்டும் 'வாங்க' என்றார், 'போவோம்' என்று சொல்லவில்லை.

கேம்ப் அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒப்பந்தக் கம்பெனியின் நிர்வாக மேலாளர், வட இந்தியர். கேம்ப் பாஸ் கணேசன், திருநெல்வேலிக்காரர். போர்மேன். சாட்சியாக பாலு. மேசைக்கு முன்னால் செல்வராஜ் நின்றிருந்தான். மேசைமேல் டைப் அடித்த ஒரு தாளும் அதன்மேல் ஒரு பேனாவும் இருந்தன.

"நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?" என்றார் கணேசன்.

"இந்தப் படத்த வெட்டினவன் நான். இவர் சொன்னது உண்மை. காட்டுறேன்."

செல்வராஜ் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். பயத்தில் ஆட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். 'பயப்படாதே' என்று கையைக் காட்டிவிட்டு, கொண்டு போயிருந்த பிளேயரை அங்கிருந்த டிவியில் இணைத்தேன். ஸ்லிப்பை மேலாளர் முன் வைத்து, தொடங்கும் நேரம், முடியும் நேரம், கால அளவு என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை நான் நியாயம் என்று நினைத்தேன்.

டேப் ஓடியது. பதினோரு கழிகள் மண்ணில் படுத்தன. கதாநாயகன் கழியை நீட்டினான். முதலாளி கோட்டைக் கழற்றினார்.

"அடப்பாவி, நெசமாவே ஏறுறான்டா," என்று பாலு முணுமுணுத்தான்.

படம் முடிந்தது. மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "அச்சா. தோ சச் போலா," என்றார். சரி, அப்படியானால் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அவர் மேசைமேல் இருந்த தாளை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு இந்தியில், சத்தம் போடாமல், கணேசனிடம் சொன்னார்: "கதை கட்டுகிறவன் என்றால் வாயாடி, விட்டுவிடலாம். இவன் வேலையை எப்படி நிறுத்துவது என்று ஒரு கேம்ப்பில் பார்த்து, மனதில் வைத்திருந்து, அடுத்த கேம்ப்பில் செய்து காட்டியிருக்கிறான். கலாஸ், முடிந்தது. ஊருக்கு டிக்கெட் போடு."

நான் எழுந்துவிட்டேன். "சார், ஒருவர் கால் நசுங்கியிருக்கிறது. ஆப்பை மாற்றச் சொன்னது குற்றமா? படத்தைக் காட்டியது நாங்கள். குற்றம் என்றால் எங்களுடையது," என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவர் என் ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தார். "இதில் அனுமதித்தவர் கையெழுத்தே இல்லையே, பாய் சாப். யார் அனுமதியோடு இந்த டேப்பை வைத்திருக்கிறீர்கள்?" என்றார். போர்மேன் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையை நானே தீர்த்து வைத்துவிட்டேன்.

வெளியே வந்து செல்வராஜிடம் கேட்டேன். "அந்தத் தாள்ல என்ன இருந்துச்சு?"

"மன்னிப்பு லெட்டர்ண்ணே. நான் சொன்னது பொய், படத்துல அப்படி ஒண்ணும் வரல, இனிமே சைட்டுல தேவையில்லாம பேசமாட்டேன்னு. கையெழுத்துப் போட்டா ஒரு மெமோ, வேற சைட்டு. அவ்வளவுதான். கணேசன் சாரு எப்படியோ பேசி வாங்கி வெச்சிருந்தாரு. பேனாவ எடுக்கப் போனேன், நீங்க வந்துட்டீங்க."

"ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"தலைய ஆட்டுனேனே. நீங்க அவ்வளவு ஆசையா வயர மாட்டிக்கிட்டு இருந்தீங்க." அவன் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "விடுங்கண்ணே. நான் பொய்யன்னு எழுதிக் குடுக்க எனக்கும் கை வரலதான். ஆனா போட்டுருப்பேன். தங்கச்சிவ இருக்குல்ல."

எதை எதிர்த்து நான் கோபப்படுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். பொய் என்று ஒப்புக்கொண்டால் மன்னிக்கிறார்கள். உண்மை என்று நிரூபித்தால் ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்த அறையில் யாரும் யாரையும் திட்டவில்லை, எல்லாமே மரியாதையாக நடந்தது. இருபது நிமிடம் சும்மா நின்ற கிரேனுக்காக ஒரு மனிதனை அனுப்பினார்கள். நசுங்கிய பாதத்தைப் பற்றி அந்த மேசையில் பேசியவன் நான் மட்டும்தான். நானும் கடைசியில்தான் பேசினேன். அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் நேரக் குறிப்புகளை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே போய்ச் சண்டை போட்டேனா என்றால், இல்லை. வில்பிரட் சார், "நாம இனிமே ஊமைப் படம் வேண்டாமே," என்றார். சரி என்றேன். அதே மேசையில் இன்னும் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெறுகிற நாளில் பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன்.

எதற்கு அவ்வளவு எழுதினீர்கள் என்று கேட்ட அந்த இருவருக்கும் என் பதில் இது. எழுதி வைத்தால் அது யாரையாவது காப்பாற்றும் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. மிஷின் வெட்டினாலும் அந்த நாற்காலியில் ஒரு மனிதர்தான் உட்கார்ந்திருப்பார். அவரைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் மதிய விமானத்தில் செல்வராஜை ஏற்றிவிட்டார்கள். அன்று மாலை பாலுவுக்குப் போன் செய்தேன். மீதி ஏழு பேரும் அன்று காலையில் மறுபடியும் குழாய் அடுக்கின்மேல் ஏறியதாகச் சொன்னான்.

"ஆப்பு புதுசா வெச்சாங்களா?"

"யாரு கேக்குறதுண்ணே?"

"போர்மேன்?"

"கீழதான் நின்னாரு," என்றான் பாலு. "நிழல்ல."